வலப்பக்கம் உட்கார்ந்தவருக்கு

அண்ணே,

நேற்று வண்டியைத் துடைக்கும்போது முன்பக்க டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கினேன். அடியில் காய்ந்து கறுத்த கறிவேப்பிலைக் காம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து நசுக்கிப் பார்த்தேன், வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த விரிப்பு உங்கள் வண்டியிலிருந்து என் வண்டிக்கு வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏலம் முடிந்ததும் எனக்கென்று முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அதில் போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வருவீர்கள். கப்பலில் வந்த இத்தாலிக் காரில் முருங்கைக்காய் ஏற்றியவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். காம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கார் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் குரல் எனக்குப் பழக்கம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு என் வீட்டுக்காரர் ஆரோக்கியத்தின் கடையில் வந்து உட்கார்ந்திருந்தேன். பழைய பஸ், லாரி சாமான்கள் வாங்கி விற்கிற கடை. போன் அடித்தது, எடுத்தேன். யார், எந்த ஊர் என்ற பேச்சே இல்லாமல் எடுத்த எடுப்பில் கேட்டீர்கள். "டீச்சருங்களா? ஏனுங்க, உங்க வண்டிக்கு ரெண்டாவது கியர் விழுதுங்களா?"

விழவில்லை. வாங்கின நாளிலிருந்தே விழவில்லை. அதை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பொம்பளைக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார்கள். ஆகவே முன்பின் தெரியாத உங்களிடம், யாருங்க உங்களுக்குச் சொன்னது என்று திருப்பிக் கேட்டேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் விழாதுங்க, காலையில் இரண்டாவதைத் தேடவே கூடாது, ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போய்விட வேண்டும், கியர் ஆயில் சூடானபிறகு அதுவாக வரும் என்று விளக்கினீர்கள். மறுநாள் அப்படியே செய்தேன், வந்தது. அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அண்ணன்.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்து இறங்கிய வண்டிகள். ஒரு மில் முதலாளி தன் இரண்டு மகன்களுக்காக வரவழைத்தது. மில் மூடியபோது ஒன்று, பழைய பஸ் இன்ஜின்களோடு சேர்த்து ஒரே லாட்டாக என் வீட்டுக்காரரிடம் வந்தது. இன்னொன்றை நீங்கள் விரும்பிப் போய் வாங்கினீர்கள். வாலிபத்தில் பழனி ரோட்டில் மூட்டையோடு நின்றபோது அது உங்களைத் தாண்டிப் போயிருக்கிறது, அந்த ஒரு பார்வையை நீங்கள் மறக்கவில்லை. எனக்கு அப்படிப்பட்ட ஆசையெல்லாம் கிடையாது. என் வீட்டுக்காரர் ஆறடி. சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும், தலை கூரையில் இடிக்கும். இத்தாலிக்காரர்கள் குட்டைக் காலும் நெட்டைக் கையும் உள்ள ஆளுக்கென்று அந்த சீட்டைச் செய்திருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தேன், எனக்குத் தைத்து வைத்தது மாதிரி இருந்தது. என் உடம்பைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அதன்பின் தினமும் சாயங்காலம் போன்தான். ஊரார் பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிப் பேசும் நேரத்தில் நாம் இருவரும் வண்டிகளின் குணத்தைப் பற்றிப் பேசினோம். சூடாக இருக்கும்போது நிறுத்தினால் ஆறும்வரை மறுபடி உயிர் வராது, ஆகவே நிழலும் டீக்கடையும் இருக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். பின்னால் பார்க்க வழியே இல்லை, ரிவர்ஸ் எடுக்க வேண்டுமானால் கதவைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்ட வேண்டும். சேலையில் நான் அப்படி உட்கார்ந்து ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதற்கென்றே எங்கள் தெருவில் ஆட்கள் நின்றார்கள். இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கோடையில் தோசைக்கல்லில் சாய்ந்த மாதிரி இருக்கும். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பானெட்டைத் திறக்கச் சொல்வார். திறந்தால் உள்ளே ஸ்டெப்னிதான் இருக்கும். உங்களுடையதில் முருங்கைக்காயும் இருக்கும். இன்ஜின் எங்கே என்று அவர் கேட்க, நீங்கள் பவ்யமாகப் பின்பக்கம் கூட்டிப் போவீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அடிவயிறு. தரைக்கும் அதற்கும் நாலு விரல்கடைதான் இடைவெளி. ஊரில் அதைத் தட்டைக் கார் என்றே கூப்பிட்டார்கள். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் கூட இருப்பவரை இறக்கிவிட்டுவிட்டு, குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். அடியில் இன்ஜின் எண்ணெய் நிற்கும் ஆயில் சேம்பர் உடைந்தால் அத்தோடு கதை முடிந்தது, மாற்று வாங்க நாடு விட்டு நாடு போக வேண்டும். எங்காவது லேசாக உரசினால்கூட நீங்கள் பல்லைக் கடித்துக்கொள்வீர்கள். போனில் நான் "இன்னைக்கு லேசா தட்டிருச்சுண்ணே" என்றால் எங்கே பட்டது, எவ்வளவு என்று துருவிக் கேட்பீர்கள். யாருக்கோ அடிபட்டதைக் கேட்ட மாதிரி இருப்பீர்கள்.

ஸ்டியரிங் இடப்பக்கம் என்பது இன்னொரு தொல்லை. நம் ரோட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு முன்னால் போகும் லாரியின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே பஸ் வருகிறதா என்று வலப்பக்கம் உட்கார்ந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நமக்குள் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. "போலாமுங்க" என்றால் போகலாம். சத்தம் இல்லையென்றால் போகக் கூடாது. என் வீட்டுக்காரர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. "போலாம் போலாம்... இரு இரு, பொறு" என்பார், அதற்குள் பாதி ஏறியிருப்பேன். நீங்கள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. ரோட்டைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் உங்கள் வாயிலிருந்து பொய் வந்ததில்லை.

உங்களைப் பற்றித்தான் பொய் சொல்வீர்கள். ஒருமுறை சைலன்சரில் பட்டு முழங்கை வெந்துபோய், அதை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டீர்கள். சட்டையில் நீர் கோத்து ஒட்டியதைப் பார்த்து நான் கேட்டபோது, "ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்றீர்கள். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து நானும் என் வீட்டுக்காரரும் பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் வந்தோம். உங்கள் வண்டியின் பின்பக்கம் புதிதாக ஒரு சத்தம், அரிசி அரைபடுவது மாதிரி, அதை நான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டு அக்கா சமையலில் இருந்தார். சோற்றுக்கு வெஞ்சனம் ஆவதற்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறோம் என்று கிளம்பினோம். இரண்டே சீட் என்பதால் என் வீட்டுக்காரர் உங்கள் வீட்டு ஊஞ்சலில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். நீங்கள் ஓட்டினீர்கள், நான் காதைத் தீட்டிக்கொண்டு வலப்பக்கம் இருந்தேன்.

ரெட்டியார்சத்திரத்தை நெருங்கும்போது புளியமரத்தடியில் ஓரம் கட்டினீர்கள். இன்ஜினை அணைக்கவில்லை. "நீங்க ஓட்டிப் பாருங்க டீச்சர். இந்தப் பக்கம்தான் சத்தம் நல்லாக் கேக்குது" என்று சொல்லி இறங்கினீர்கள். முன்பக்கமாகச் சுற்றி வரும்போது பானெட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டே வந்தீர்கள். வண்டியின் பெயிண்டில் வெறும் கை படக் கூடாது என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவர் நீங்கள். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும், ஆனால் என் காது முழுக்க அந்தச் சத்தத்தில் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் சத்தத்தைப் பற்றி ஏதோ கேட்கத் திரும்பினேன். உங்கள் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடது கையை மடியில் தூக்கி வைத்திருந்தீர்கள், அது உங்கள் கையே இல்லை என்பதுபோல. என்னண்ணே என்றேன். வாயுங்க, காலையில் மொச்சை சாப்பிட்டேன் என்றீர்கள். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டதற்கு, நாலாவது கியரில் போட்டுப் பாருங்கள், சத்தம் குறைகிறதா என்று கேட்டீர்கள். திரும்பலாமுங்க, ஊட்டுல சாப்பாட்டுக்குக் காத்துட்டிருப்பாங்க என்றீர்கள். நான் திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரி திண்டுக்கல்லில்தான் இருந்தது, வண்டியின் மூக்கும் அந்தப் பக்கமே இருந்தது. மிதித்தேன்.

ஒரு டெம்போ முன்னால் போனது. போலாமா என்றேன், "போலாமுங்க" என்றீர்கள், தாண்டினேன். ஒரு டவுன் பஸ். மறுபடி கேட்டேன், சொன்னீர்கள், தாண்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் சன்னமாகிக்கொண்டே போனது. எனக்கு என்ன பயம் தெரியுமா அண்ணே? உங்கள் உயிரைக் காப்பாற்ற வேகமாகப் போக வேண்டும், வேகமாகப் போக உங்கள் கண் வேண்டும். அந்தக் கண்ணையும் உங்களிடமே கேட்க வேண்டியிருந்தது.

கன்னிவாடி பிரிவு தாண்டி வைக்கோல் லாரி ஒன்று சிக்கியது. பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கி ரோட்டையே அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. போலாமா அண்ணே என்றேன். சத்தம் இல்லை. நம் ஒழுங்குப்படி பொறுத்தேன். மறுபடி கேட்டேன், இல்லை. ஹார்ன் அடித்தேன். அந்த இத்தாலி ஹார்ன் பீப்பி மாதிரி கத்துமே, அது அந்த லாரிக்காரர் காதில் எங்கே விழப்போகிறது? வைக்கோல் தூசு கண்ணாடியில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ரோட்டப் பாத்துச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

"போலாமுங்க" என்றீர்கள்.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துவிட்டேன். ஒடித்த வேகத்தில் உங்கள் முகம் கண்ணில் பட்டது. கண் இரண்டும் மூடியிருந்தது. எப்படித் திருப்பினேன் என்று தெரியவில்லை, வண்டி லாரியின் பின்னாலேயே வந்து விழுந்தது. அடுத்த மூச்சில் எதிரே பழனி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நம்மைக் கடந்தது. அது கிளப்பிய காற்றில் வண்டியே ஆடியது. நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேனே என்று, பார்க்காமலே ஒரு பதில் சொல்லியிருக்கிறீர்கள். மரியாதைக்காகச் செத்துப்போகப் பார்த்தீர்கள், என்னையும் கூட்டிக்கொண்டு.

எனக்கு அந்த நிமிடம் வந்த கோபத்தில்தான் புத்தி வேலை செய்தது. வலப்பக்கம் எனக்குத் தெரியாது. இடப்பக்கம் நன்றாகத் தெரியும், நான் உட்கார்ந்திருப்பதே அங்கேதான். தார் விளிம்புக்குக் கீழே ஒரு முழம் இறக்கத்தில் மண் ஓரம், அதற்கப்பால் காய்ந்த கடலைக் காடு. மாட்டு வண்டி போகலாம். தட்டைக் காரை யாரும் கனவில்கூட இறக்க மாட்டார்கள். இறக்கினேன்.

முன்சக்கரம் விழுந்ததும் அடிவயிறு தார் விளிம்பில் உட்கார்ந்து, இழுபட்டு, கிழிகிற சத்தம் உள்ளங்காலில் ஏறியது. உங்கள் கண் திறந்தது. நான் கத்தியதற்குத் திறக்காத கண், அந்தச் சத்தத்துக்குத் திறந்தது.

"டீச்சர், அடி தட்டுதுங்க."

"தட்டட்டும்ணே."

"ஆயில் சேம்பர் ஒடஞ்சிருமுங்க."

"ஒடையட்டும். நீங்க கண்ண மூடாதீங்க."

லாரியைத் தாண்டி மறுபடி ரோட்டில் ஏறும்போது இன்னொரு முறை உரசியது. நீங்கள் முனகினீர்கள். வலியில் இல்லை, வண்டிக்காக. எனக்கு வழி கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் உங்கள் இமை சரிந்தபோதெல்லாம் வேண்டுமென்றே விளிம்பில் இறக்கித் தேய்த்தேன். ஊர் எல்லையில் ஸ்பீடு பிரேக்கர் வந்தது, நேராக ஏறினேன். பாறையில் இடித்த மாதிரி இருந்தது. "அய்யோ" என்று நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். என்னைத் திட்டக்கூடத் திட்டினீர்கள், ஏனுங்க இப்படிப் பண்றீங்க என்று. அந்தத் திட்டைக் கேட்டு நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆயில் லைட் சிவப்பாக எரிய ஆரம்பித்தது. நாம் இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை என் காலாலேயே மிதித்துக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு முன்னால் இன்ஜின் ஜாம் ஆகி நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் தட்டைக் காரை வேடிக்கை பார்க்கத்தான் ஓடிவந்தார்கள். உங்களைப் பார்த்ததும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். மாரடைப்புதான். இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இவ்வளவு நேரம் நினைவு தப்பாமல் எப்படி இருந்தார் என்றும் கேட்டார்.

எழுந்து உட்கார முடிந்த நாளில் நீங்கள் முதலில் கேட்டது வண்டியைத்தான். மறைக்காமல் சொன்னேன். சேம்பர் போய்விட்டது, இன்ஜின் போய்விட்டது, அடித்தகடு நார்நாராகக் கிழிந்துவிட்டது. சாவு வீட்டுச் செய்தி கேட்பதுபோலத் தலையைக் குனிந்து கேட்டீர்கள். அக்கா என்னைப் பார்த்தார், நான் சன்னலைப் பார்த்தேன். கடைசியில், "பரவால்லீங்க. ரெண்டுல ஒண்ணாவது ஓடட்டும்" என்றீர்கள். அப்படித்தான் உங்கள் வண்டியின் கதவுப் பிடியும் கியர் பெட்டியும் இந்த விரிப்பும் என் வண்டிக்கு வந்தன. அதற்கப்புறம் நீங்கள் என் வண்டியின் வலப்பக்கத்து ஆள். நன்றாகத்தான் பார்த்துச் சொன்னீர்கள். ஆனால் நான் ஒவ்வொரு முறையும் முதலில் உங்கள் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். உங்களுக்கும் அது தெரியும்.

அந்தப் பயத்துக்குப் பிறகாவது உங்களைப் பற்றி உண்மை பேசுவீர்கள் என்று நம்பினேன். சில வருடம் பேசவும் செய்தீர்கள். மாத்திரை சாப்பிட்டேனுங்க, இன்றைக்கு நடந்தேனுங்க என்று கிளட்ச் கேபிளோடு சேர்த்து அதையும் சொல்வீர்கள். அந்தக் கடைசி வாரம் என் கிளட்ச்சைப் பற்றி வெகுநேரம் பேசினீர்கள். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. என்னண்ணே என்று கேட்டேன். கேட்காமல் விடவில்லை. தண்ணி மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன், அதுதான் என்றீர்கள். மறுநாளும் மூச்சு வாங்கியது, மறுநாளும் மோட்டார்தான். அதற்கடுத்த நாள் விடியற்காலையில் போன் அடித்தது. அக்கா பேசினார்.

உங்கள் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை, போனையே கட்டிலில்தான் வைத்திருந்தார், ஆஸ்பத்திரி என்றாலே எரிந்து விழுந்தார் என்று சொன்னார். நான் அழவில்லை. கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, பின்கட்டில் உங்கள் வண்டியின் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் எவ்வளவு தூரம்? என்ன மோட்டார் அண்ணே, என்ன தண்ணி? கிளட்ச் கொஞ்சம் வழுக்கினால்கூட ஒளிக்காமல் சொல்லுங்க என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நீங்கள் மட்டும் எப்படி ஒளிக்கலாம்?

உங்களால் என் வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். வீட்டில் யாரும் இப்போது ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் கண்ணை விரித்துப் பார்ப்பேன், கையைத் தொட்டு வியர்க்கிறதா என்று பார்ப்பேன். போன மாதம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைத் தடவினார். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல, வாயு" என்றார். அவ்வளவுதான். சாவியை எடுத்து அவரை வலப்பக்கத்தில் திணித்துக் கிளப்பினேன். வழி நெடுக அவர் "ஏ, வாயுதான்டி, சொன்னாக் கேளு" என்று புலம்பிக்கொண்டே வந்தார். கண்ணை மட்டும் மூடவில்லை. மூடினால் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

சோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, வாயுதான் என்று சிரித்தபடி அனுப்பினார் டாக்டர். வெளியே வந்த என் வீட்டுக்காரர், பெஞ்சில் நான் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்துப் பதறிப்போனார். "ஒண்ணுமில்லேன்னுதான் சொல்லிட்டாகளே, இப்ப எதுக்கு அழுகுற?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். உங்களுக்காக என்று அவரிடம் சொல்லவில்லை. உங்கள் சாவில் வராத அழுகை, வாயு என்று டாக்டர் சொன்னதும் வந்துவிட்டது.

போனில் மூச்சு வாங்கிய அந்தச் சாயங்காலம் நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணே. என் வண்டியின் அடியையும் உடைத்திருப்பேன்.